டீஃபால்ட் கோப்பு யாரோட சொத்து?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். கவிதை, சினிமா, அரசியல்னு தேடி வந்தவங்க பயந்து ஓடிடாதீங்க, விஷயம் கடைசியில உங்க பொட்டிக்கும் வந்து சேரும். கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன். பிடிக்காதவங்க பின்னூட்டத்துல கும்மிக்கலாம், வாசல் திறந்தே இருக்கு :-)

நான் சொல்ல வர்றது இதுதான். ஒரு அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தா அதுல நான் எழுதின வரி எது, மென்பொருள் தானா எழுதிக்கிட்ட வரி எதுன்னு எனக்குத் தெரியணும். தெரியலைன்னா அந்தப் பொட்டிக்கு நான் ஓனர் இல்லை, வாடகைக்குக் குடியிருக்கேன், அவ்வளவுதான். விர்ச்சுவல் மெஷின்களை மேய்க்கிற மென்பொருள்கள் பல வருஷமா நம்மளை வாடகைக்காரனாத்தான் வச்சிருக்கு. நாமளும் வாயை மூடிக்கிட்டு வாடகை கட்டிக்கிட்டு இருக்கோம்.

விஎம் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு பத்தி. ஒரு நிஜக் கணினிக்குள்ள பொய்க் கணினி நாலு ஓட்டுறதுதான் விஎம். அந்தப் பொய்க் கணினிக்கு எவ்வளவு நினைவகம், எந்த டிஸ்க், எந்த நெட்வொர்க் கார்டுன்னு ஒரு கோப்புல எழுதி வச்சிருக்கும். லினக்ஸ்ல இந்த வேலையைப் பெரும்பாலும் லிப்விர்ட் பார்க்குது. 2005-ல ரெட்ஹாட் பக்கத்துல இருந்து கிளம்பின திறமூல மென்பொருள். வீட்டுல லேப்டாப்ல சோதனை பண்றவங்க நிறைய பேர் விர்ச்சுவல்பாக்ஸ் பக்கம் போவாங்க. இந்த ரெண்டும்தான் இன்னிக்கு நம்ம குற்றவாளிக் கூண்டுல.

முதல் குற்றம்: என் அலமாரியில அவங்க துணி

லினக்ஸ்ல எந்த அடைவுல எது இருக்கணும்னு எஃப்எச்எஸ்னு ஒரு தர ஆவணம் இருக்கு. அதுபடி '/இடிசி' அடைவு கணினி நிர்வாகியோடது. அங்க இருக்கிற அமைப்புக் கோப்பு நிலையா இருக்கணும், அதாவது ஓடுற நிரல் தன் இஷ்டத்துக்கு அதை மாத்திக்கிட்டே இருக்கக் கூடாது. ஓடும்போது மாறுற சங்கதிகளுக்குன்னு '/வார்' அடைவு தனியா இருக்கு. வீட்டுல அலமாரி வேற, அழுக்குக் கூடை வேற இல்லீங்களா, அந்த மாதிரி.

லிப்விர்ட் என்ன பண்ணுது? விஎம் ஒவ்வொண்ணோட எக்ஸ்எம்எல் கோப்பையும் '/இடிசி/லிப்விர்ட்' அடைவுக்குக் கீழே வைக்குது. சரி, நம்ம அலமாரியிலதானே இருக்குன்னு ஆசையா திறந்தா, முதல் வரியிலேயே பெரிய எழுத்துல எச்சரிக்கை. இது தானா உருவாக்கின கோப்பு, நீ மாத்தினா அழிஞ்சு போக வாய்ப்பு இருக்கு, 'விர்ஷ் எடிட்' வழியா வான்னு சொல்லுது. என் அலமாரியில என் சட்டையை எடுக்க நான் யார்கிட்டயோ டோக்கன் வாங்கணுமாம்.

சரி, டோக்கன் வாங்கிட்டே போவோம். 'விர்ஷ் எடிட்' போட்டு, "இந்த டிஸ்க்கை மாத்தாதே, பில்லிங் ஆளுங்களோடது"ன்னு ஒரு எக்ஸ்எம்எல் கமெண்ட் எழுதிச் சேமிக்கிறீங்கன்னு வைங்க. மறுபடி திறந்து பாருங்க. கமெண்ட் இருக்காது. லிப்விர்ட் கோப்பைப் படிச்சு, தனக்குப் புரிஞ்சதை மட்டும் வச்சுக்கிட்டு, திரும்ப முதல்ல இருந்து எழுதிடும். அதுக்குக் கமெண்ட் ஒரு பொருட்டே இல்லை. அடுத்து வர்ற மனுஷனுக்காக நீங்க எழுதி வச்ச ஒரே வரி காத்தோட போச்சு.

போனது மட்டும்தானா, வந்ததும் இருக்கு. நீங்க பத்து வரியில ஒரு விஎம் வரையறுத்துக் கொடுங்க, திரும்ப வாங்கிப் பாருங்க, பல மடங்கா வீங்கி வரும். நீங்க கேட்காத யூஎஸ்பி கன்ட்ரோலர், பிசிஐ முகவரிகள், மெமரி பலூன்னு வரிசையா குடியேறி இருக்கும். மெஷின் வகை 'பிசி'ன்னு மட்டும் எழுதியிருப்பீங்க. அது அன்னிக்குப் பொட்டியில இருந்த க்யூஎமு பதிப்பு எண்ணோட ஒட்டிக்கிட்டு நீளமான பேரா மாறி நிக்கும்.

ஆறு மாசம் கழிச்சு இதை இன்னொருத்தர் திறக்குறார். இதுல எது வேணும்னே யோசிச்சு வச்சது, எது சும்மா வந்து ஒட்டினதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? எல்லா வரியும் ஒரே மாதிரிதானே இருக்கு. பயந்து போய் எதையும் தொடாம விட்டுடுவார். அப்படியே தொடாத வரிகள் சேர்ந்து சேர்ந்து, பத்து வருஷத்துல யாருக்கும் காரணம் தெரியாத ஒரு வேதப் புத்தகமா ஆயிடும். நம்ம ஆபீஸ்கள்ல பாதி பயபக்தி இப்படி வந்ததுதான்.

ரெண்டாவது குற்றம்: கேட்காமலே கல்யாணம்

லிப்விர்ட்டை வழக்கமான தொகுப்புகளோட நிறுவினா கூடவே 'டீஃபால்ட்'னு ஒரு நெட்வொர்க் வரும். 192.168.122.0/24 அதோட முகவரி வீச்சு. 'விர்பிஆர்0'னு ஒரு பிரிட்ஜ், அதுக்கு டிஹெச்சிபி கொடுக்க ஒரு டிஎன்எஸ்மாஸ்க், ஃபயர்வால்ல நாலு விதி. அதுக்கும் மேல, உங்க கர்னல்ல பாக்கெட் ஃபார்வர்டிங்கை 'ஆன்' பண்ணிடும். ஃபெடோரா மாதிரி வழங்கல்கள்ல ஒவ்வொரு தடவை பொட்டி எழும்போதும் இது தானா எழுந்துக்கும்.

ஒரு நிமிஷம் யோசிங்க. நான் கேட்டது விஎம் ஓட்டுற கருவி. வந்தது, என் கணினியை ஒரு ரூட்டரா மாத்துற ஏற்பாடு. இது நல்ல ஏற்பாடா கெட்ட ஏற்பாடாங்கிறது அப்புறம். "அய்யா, இப்படி ஒண்ணு பண்ணப் போறேன்"னு நிறுவும்போது ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?

இதுல வேடிக்கை என்னன்னா, விஎம்முக்குள்ள விஎம் ஓட்டிப் பாருங்க. வெளியே இருக்கிற லிப்விர்ட் உள்ளே இருக்கிற பொய்க் கணினிக்கு 192.168.122-ல முகவரி கொடுக்கும். உள்ளேயும் லிப்விர்ட் நிறுவினா, அதுவும் அதே 192.168.122-ஐ தன் சொந்த ஊருன்னு சொல்லும். ஒரே தெருப் பேரு ரெண்டு ஊருல இருந்தா தபால்காரர் என்ன பண்ணுவார்? உள்ளே இருக்கிற கணினி வெளியுலகத் தொடர்பு இல்லாம அம்போன்னு நிக்கும்.

இந்தப் பிரச்சினை அவங்களுக்கும் தெரியும். அதனாலதான் ஃபெடோரா தொகுப்போட நிறுவல் ஸ்கிரிப்ட்ல ஒரு வைத்தியம் வச்சிருக்காங்க. நிறுவும்போது ரூட்டிங் அட்டவணையைப் பார்க்கும், 122 ஏற்கெனவே இருந்தா 124-ல ஆரம்பிச்சு 254 வரைக்கும் தேடி, காலியா இருக்கிற ஒண்ணை எடுத்துக்கும். புத்திசாலித்தனம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அது நிறுவுற அந்த ஒரு நிமிஷத்துக்கான புத்தி. இமேஜை வேற இடத்துல செஞ்சு இங்க கொண்டு வந்து ஓட்டினா? நெட்வொர்க் கேபிள் அப்புறமா மாட்டினா? லிப்விர்ட் நெட்வொர்க்கைத் தொடங்கும்போதும் மோதல் இருக்கான்னு பார்க்குது. அட்டை முகவரி வாங்குறதுக்கு முன்னாடியே அது எழுந்துட்டா, அந்த நேரத்துல மோதலே கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் நல்லா இருக்குன்னு கிளம்பிடும், அப்புறம் நாம மண்டையைப் பிச்சுக்கணும்.

ஊகம் பண்ணி ஓட்டையை அடைக்கிறதை விட, "உனக்கு நெட்வொர்க் வேணுமா, எந்த முகவரி?"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டா வேலை முடிஞ்சுது. டெபியன்ல நீங்க மாத்தி வச்ச கோப்பு மேல புதுப் பதிப்பு வந்தா, உன்னோடதை வச்சுக்கவா, புதுசைப் போடவா, வித்தியாசம் காட்டவான்னு டிபிகேஜி நின்னு கேட்கும். ஆர்பிஎம் உன் கோப்பைத் தொடாம புதுசைப் பக்கத்துல வேற பேருல வச்சுட்டுப் போகும். தொகுப்பு மேலாளர்களுக்கே இந்த மரியாதை தெரிஞ்சிருக்கு.

மூணாவது குற்றம்: இல்லாத கோப்போட ஆட்சி

இது விர்ச்சுவல்பாக்ஸ் கணக்குல வருது. 2021 அக்டோபர்ல 6.1.28 பதிப்பு வந்துச்சு. அதுல இருந்து லினக்ஸ், மேக், சோலாரிஸ்ல ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்குக்கு 192.168.56.0/21 வீச்சு மட்டும்தான் அனுமதி. அதாவது 56-ல இருந்து 63 வரைக்கும். வேற முகவரி வேணும்னா '/இடிசி/விபாக்ஸ்' அடைவுல 'நெட்வொர்க்ஸ்.கான்ஃப்'னு ஒரு கோப்பை நீங்களே உருவாக்கி எழுதணும்.

அந்தக் கோப்பு நிறுவும்போது வராது. வெத்துக் கோப்பா கூட வராது. நேத்து வரைக்கும் ஓடின விஎம், பேட்ச் அப்டேட் போட்ட மறுநாள் அனுமதி இல்லைன்னு கதவைச் சாத்தும். அடைவுல தேடினா எந்த விதியும் எழுதியே இல்லை. இல்லாத கோப்புக்கு டீஃபால்ட் மதிப்பு ஒண்ணு, அது நிரலுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. பழைய கதையில வர்ற அரூப ராட்சசன் மாதிரி, அடி விழும், ஆளு தெரியாது.

இதுல மாட்டினவங்க யாரு? விர்ச்சுவல்பாக்ஸ் மேல உட்கார்ந்து வேலை பார்க்கிற வேக்ரன்ட் ஆளுங்க. 'வேக்ரன்ட் இனிட்' போட்டா கிடைக்கிற மாதிரிக் கோப்புல உதாரணமா இருந்த முகவரியே 192.168.33.10. அது புது வீச்சுக்கு வெளியே! ஒருத்தரோட டீஃபால்ட்டை இன்னொருத்தரோட மாதிரி வரி மீறுது. லாராவெல் ஹோம்ஸ்டெட் திட்டம் 192.168.10.10-னு இருந்த தன்னோட முகவரியை 192.168.56.56-க்கு மாத்த வேண்டி வந்துச்சு. கட்டுப்பாடு வைக்கிறதுல ஞாயமே இல்லைன்னு நான் சொல்லலை. யார் வேணா எந்த முகவரி வேணா போட்டுக்கலாம்னு விடறதும் ஆபத்துதான். ஆனா சட்டம் போட்டா அதை ஊர் நடுவுல எழுதி ஒட்டணும். கமெண்ட்டோட ஒரு மாதிரிக் கோப்பு வைக்கிறதுல என்ன குறைஞ்சு போகும்?

இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை

"போய்யா, நாலு வரி கூட இருந்தா என்ன, உனக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரே ஒரு பேரு சொல்றேன்: வெனம்.

2015 மே மாசம் வெளியான பாதுகாப்பு ஓட்டை அது. க்யூஎமுவோட ஃப்ளாப்பி கன்ட்ரோலர் நிரல்ல இருந்துச்சு. ஃப்ளாப்பிங்க! 2015-ல ஃப்ளாப்பி டிஸ்க்கை யாராவது விஎம்முல மாட்டினாங்களா? யாரும் மாட்டலை, மாட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எக்ஸ்86 பொய்க் கணினி எதுவானாலும் ஃப்ளாப்பி கன்ட்ரோலர் டீஃபால்ட்டா உள்ளே உட்கார்ந்திருந்துச்சு. அந்த ஓட்டை 2004-ல இருந்தே நிரல்ல இருந்தது. க்யூஎமு, கேவிஎம், ஜென், விர்ச்சுவல்பாக்ஸ்னு அந்த நிரலைக் கடன் வாங்கின எல்லாருக்கும் பாதிப்பு. பொய்க் கணினிக்குள்ள இருக்கிறவன் சுவரை உடைச்சுக்கிட்டு நிஜக் கணினிக்கு வர வழி.

உச்சக்கட்டம் இனிமேதான். நிர்வாகி உஷாரா ஃப்ளாப்பி டிரைவை எடுத்துட்டாலும், ஜென்லயும் க்யூஎமுலயும் இருந்த வேறொரு பிழையால அந்தக் கன்ட்ரோலர் நிரல் உயிரோடவே இருந்துச்சு. கோப்புல இல்லைன்னு இருக்கும், ஆனா உள்ளே இருக்கும். பதினோரு வருஷம் யாரும் கேட்காத ஒரு பொருள், யார் கண்ணுக்கும் படாத டீஃபால்ட்டா, வாடகைக்கு விட்ட சர்வர்கள்ல குடியிருந்திருக்கு. நம்ம பக்கங்களும் படங்களும் பேங்க் கணக்கும் இருக்கிறது இந்த மாதிரி பொய்க் கணினிகள்லதான். கவிதை எழுதுறவங்களையும் உட்காரச் சொன்னது அதுக்குத்தான்.

சப்பைக்கட்டுகள்

ஒண்ணு: "விஎம்முக்கு வன்பொருள் நிலையா இருக்கணும். தினம் ஒரு மதர்போர்டு மாத்தினா உள்ளே இருக்கிற விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். அதனாலதான் மெஷின் வகையையும் முகவரியையும் கோப்புல உறைய வைக்கிறோம்."

இந்த வாதம் நூத்துக்கு நூறு சரி. க்யூஎமுவைப் புதுப்பிச்சதும் எல்லா விஎம்மும் வேற பொட்டியா மாறினா நானே முதல் ஆளா கத்துவேன். உறைய வையுங்க, வேணாம்னு சொல்லலை. நான் எழுதினதை ஒரு கோப்புலயும், நீங்க முடிவு பண்ணி உறைய வச்சதை இன்னொரு கோப்புலயும் வைங்க. ஓடும்போது ரெண்டையும் சேர்த்துக்கங்க. நிலைத்தன்மைக்கு ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

ரெண்டு: "புதுசா வர்றவங்களுக்கு எடுத்ததும் ஓடணும், கேள்வி கேட்டா மிரண்டுடுவாங்க."

இதுலயும் பாதி நிஜம். நெட்வொர்க் இல்லாத விஎம்மை வச்சுக்கிட்டுப் புதுசா வந்தவர் என்ன பண்ணுவார்? ஆனா கேள்வி கேட்காம ஒரு முடிவு எடுத்தா, எடுத்த முடிவைச் சொல்லணும். "192.168.122-ஐ எடுத்துக்கிட்டேன், ஃபார்வர்டிங் போட்டிருக்கேன், வேணாம்னா இந்தக் கட்டளை"ன்னு மூணு வரி. மூணு வரி படிச்சு மிரள்றவர் விஎம் ஓட்ட வர மாட்டார்ங்க.

மூணு: "எல்லாம் ஆவணத்துல இருக்கே, படிச்சுக்க வேண்டியதுதானே."

இருக்குங்க. எச்சரிக்கை, முகவரி, புதுக் கட்டுப்பாடு எல்லாமே எங்கயோ ஒரு பக்கத்துல எழுதித்தான் இருக்கு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக் கிடக்கும்போது ஒருத்தர் திறக்கிறது கோப்பை. அந்தக் கோப்பு தன்னைப் பத்தித் தானே உண்மை பேசணும்.

அப்ப எப்படித்தான் செய்யணும்கிற?

நான் ஒண்ணும் நிலாவைக் கேட்கலை. ஏற்கெனவே ஊருல நடக்கிற விஷயத்தைத்தான் கேட்கிறேன்.

1998-ல வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் வழங்கியைப் பாருங்க. 'போஸ்ட்கான்ஃப் -டி' போட்டா டீஃபால்ட் மதிப்பு மட்டும். '-என்' போட்டா நாம எழுதினது மட்டும். ரெண்டே எழுத்துல என் கேள்விக்குப் பதில்!

சிஸ்டம்டி மேல ஆயிரம் திட்டு இருக்கட்டும், இதுல அது சுத்தம். தொகுப்போட கோப்பு '/யுஎஸ்ஆர்' பக்கம், நம்ம மாற்றம் '/இடிசி' பக்கம். எது எதை மீறியிருக்குன்னு காட்ட 'சிஸ்டம்டி-டெல்டா'ன்னு தனிக் கட்டளையே இருக்கு. கிட்ல ஒவ்வொரு அமைப்பும் எந்தக் கோப்புல இருந்து வந்துச்சுன்னு கேட்டா சொல்லும். வேக்ரன்ட்டும் விஎம் உலகத்து ஆளுதான். அது பாக்ஸோட கோப்பு, பயனரோட கோப்பு, திட்டத்தோட கோப்புன்னு அடுக்கடுக்கா படிச்சுச் சேர்த்துக்குது, நீங்க எழுதினதைத் திருத்தி எழுதுறதில்லை. உலகத்துக்கே தெரிஞ்ச பொதுச் சாவியை டீஃபால்ட்டா வச்சிருந்ததுக்காக அது திட்டு வாங்கினதும் உண்மை. 2014 டிசம்பர்ல வந்த 1.7 பதிப்புல இருந்து முதல் தடவை எழும்போதே அந்தச் சாவியை மாத்திடுது. திருந்த மனசு இருந்தா வழி இருக்கு.

ஆக, என் கோரிக்கைகள் நாலு:

1. என் கோப்பைத் திரும்ப எழுதாதே. கமெண்ட் என்னோடது, அதுல கை வைக்காதே.
2. நீ சேர்த்த வரிகளைத் தனியா வை. நான் கேட்டா தனியாக் காட்டு.
3. நெட்வொர்க், ஃபார்வர்டிங், ஃபயர்வால் மாதிரி விஎம்முக்கு வெளியே கை நீட்டுற டீஃபால்ட் எதுவா இருந்தாலும் போடும்போதே சொல்லு.
4. கோப்பே இல்லாத டீஃபால்ட்டை வச்சு ஆட்சி பண்ணாதே. மாதிரிக் கோப்பை வச்சுட்டுப் போ.

அவங்க செய்யற வரைக்கும் நாம என்ன பண்றது? நீங்க எழுதின மூல எக்ஸ்எம்எல்லை கிட்ல போட்டு வைங்க, மாத்தணும்னா அங்க மாத்தி 'விர்ஷ் டிஃபைன்' பண்ணுங்க. குறிப்பு எழுதணும்னா கமெண்ட்டா எழுதாம 'டிஸ்க்ரிப்ஷன்' குறிக்குள்ள எழுதுங்க, அதை லிப்விர்ட் காப்பாத்தும். 'விர்ஷ் நெட்-லிஸ்ட் --ஆல்' போட்டு உங்க பொட்டியில எந்த நெட்வொர்க் குடியிருக்குன்னு ஒரு தடவை பாருங்க. வேணாம்னா 'நெட்-ஆட்டோஸ்டார்ட் --டிஸேபிள்' இருக்கு. விர்ச்சுவல்பாக்ஸ் ஆளுங்க இப்பவே அந்த 'நெட்வொர்க்ஸ்.கான்ஃப்' கோப்பை உருவாக்கி, 56 வீச்சையே வச்சுக்கிட்டாலும் அதை எழுதி வைங்க. அடுத்து வர்றவர் உங்களை வாழ்த்துவார்.

இதெல்லாம் ஒட்டுப்போடுற வேலைன்னு எனக்கும் தெரியும். மென்பொருள் செய்ய வேண்டிய கணக்கை நாம நோட்டுப் போட்டு எழுதிக்கிட்டு இருக்கோம். அதனாலதான் சொல்றேன், இந்தத் திட்டங்களோட பிழைப் பட்டியல்ல போய் எழுதுங்க. நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் இதே துறையில ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கோம், பேட்ச் அனுப்பத் தெரிஞ்சவங்க அனுப்புங்க. டீக்கடையில வடை சரியில்லைன்னா அங்கேயே சண்டை போடுற ஊருய்யா நம்ம ஊரு. நம்ம கோப்புல எவனோ எழுதிட்டுப் போனா மட்டும் ஏன் பம்மிக்கிட்டு இருக்கணும்?

டிஸ்கி: லிப்விர்ட்டைத் தினமும் உபயோகிக்கிறவன்தான் நான், நாளைக்கும் உபயோகிப்பேன். எழுதினவங்க உழைப்பு மேல மரியாதை உண்டு. "பிடிக்கலைன்னா விட்டுட்டுப் போ"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு முன்கூட்டியே பதில்: போறதா இல்லை, அலமாரி என்னோடது.